இழைத்தது ஒருவர், தேய்த்தது ஒருவர்

மேலகரத்தில் வீடு கட்டுவதற்கு முன் மனையின் வில்லங்கச் சான்றிலிருந்து மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்பது வரை எல்லாவற்றையும் விசாரித்தேன். ஒன்றை மட்டும் விசாரிக்கவில்லை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் ஒருவனுக்கு வீடு இருந்தால், சாரல் காலத்தில் அது வீடாக இருக்காது, ஈரத்துணி காயப்போடும் கொடியாகத்தான் இருக்கும். ஆனி மாதம் பிறந்ததும் உறவினர்களுக்கு என் உடல்நலத்தின் மேல் கவலை வந்துவிடும். "சும்மா ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்று வாசலில் நிற்பார்கள். நிற்கும்போதே தலையில் எண்ணெய் வைத்திருப்பார்கள்.

இந்த வருடம் அப்படி முதலில் வந்தது ஆலங்குளத்திலிருந்து என் அக்கா. நான் வருவாய்த் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது ஊருக்குத் தெரியும். அக்காவுக்கு மட்டும் தெரியாது. என்னை இன்னும் "ஏலே" என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய இன்னொரு குணம், ஐந்து நிமிடம் சும்மா உட்கார முடியாது. உட்கார்ந்தால் வீட்டில் ஏதோ ஒன்று சுத்தமாகிவிடும்.

அக்கா வந்து சேர்வதற்கு முந்தின நாள்தான் அந்தத் தட்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. பக்கத்து வீட்டில் இருப்பவர் ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண்மணி. கணவர் துபாயில். இரண்டு பெண்கள், மூத்தவள் படிப்பை முடித்துவிட்டாள், இளையவள் கல்லூரியில். என் மனைவியை "அக்கா" என்பார், என்னை "அண்ணாச்சி" என்பார். அன்று காலை தட்டு நிறைய லட்டும் பேரீச்சம்பழமுமாக வந்தார்.

"அக்கா, மூத்தவளுக்குச் செங்கோட்டைச் சம்பந்தம் முடிஞ்சிட்டு. மொத இனிப்பு ஒங்களுக்குத்தான்."

என் மனைவி தட்டை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். நானும் பார்த்தேன். கரிக்கருப்பான உலோகத் தட்டு. அந்தக் கருப்பின் மேல் ஓரம் முழுக்க வெள்ளைவெளேரென்று ஒரு கொடி ஓடியது. இலையும் தளிருமாகச் சுற்றி வந்து நடுவில் ஒரு பூவில் முடிந்தது.

"எங்க வாப்பா ஐதராபாத்துல யாவாரம் பண்ணும்போது வாங்குனது. வெள்ளி இழைச்ச வேல. என் கல்யாணத்துக்கும் இதுலதான் மாப்பிள்ள வீட்டுக்கு இனிப்பு போச்சு. வெள்ளிக்கிழம செங்கோட்டைக்கும் இதுலதான் போகணும். அதுக்கு முன்னால குடுத்துட்டாப் போதும்க்கா."

போன தட்டு மாப்பிள்ளை வீட்டுப் பலகாரத்தோடு திரும்பி வரும், அப்புறம் இளையவளுக்கும் அதிலேயே போகும், அதுதான் அவர்கள் வீட்டு வழக்கம் என்றும் சொன்னார். தட்டைக் காலியாகத் திருப்பித் தருவது எங்கள் வீட்டிலும் வழக்கமில்லை. முந்திரிக்கொத்து செய்து நிரப்பித் தரலாம் என்று மனைவி அதை அடுக்களையில் எடுத்து வைத்தாள். எல்லாத் தொல்லையும் இந்த நல்ல பழக்கத்திலிருந்து தொடங்கியது.

எனக்கு அந்த 'இழைச்ச' என்ற சொல் பிடித்திருந்தது. இப்போதெல்லாம் சேலையானாலும் சாப்பாட்டு மேசையானாலும் 'டிசைன்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இழை என்றால் முதலில் நூல். தறிகள் ஓடிய ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உலோகத்தில் நூல் போல மெல்லிய பள்ளம் வெட்டி, அதில் வெள்ளியையோ பொன்னையோ கம்பியாக வைத்துத் தட்டி இறுக்கினால் அதுவும் இழைத்தல். தச்சர் மரத்தைச் சீவினால் அதுவும் இழைத்தல். சந்தனக் கட்டையைக் கல்லில் உரைத்தால் அதுவும்தான். வீட்டில் கரைத்த அரிசிமாவில் துணியை நனைத்து விரல் வழியே விட்டால் இழைக்கோலம். இரண்டு பேர் நெருங்கிப் பழகினால் இழைகிறார்கள். ஒருவர் இன்னொருவருக்கு அநீதி செய்தாலும் தமிழில் அதை இழைக்கத்தான் வேண்டும். சேர்க்கிற வேலைக்கும் செதுக்குகிற வேலைக்கும் தேய்க்கிற வேலைக்கும் கெடுக்கிற வேலைக்கும் ஒரே சொல்லைக் கொடுத்த முன்னோர்கள் எந்த அலுவலகத்திலும் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு போட்டிருப்பார்கள்.

இதையெல்லாம் அன்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பாசிப்பயறு இருக்கிறதா என்று டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா வந்த மறுநாள் அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். காய்ந்த துண்டும் எண்ணெய் வழியும் தலையுமாக ஆட்டோவில் திரும்பி வந்தாள்.

"ஏலே, தண்ணி வரலன்னாலும் குளிக்க முடியாது. நெறைய வந்தாலும் குளிக்க விட மாட்டேங்கான். பெறவு எதுக்குலே இந்த அருவி?"

கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் பதில் சொல்ல வேண்டிய துறை என்னுடையது அல்ல. அவளை வீட்டுக் குளியலறையில் குளிக்கச் சொல்லிவிட்டு, நானும் மனைவியும் முந்திரிக்கொத்துக்கு வெல்லமும் பயறும் வாங்கத் தென்காசிக்குப் போனோம். அக்காவைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டுத்தான் போனோம்.

திரும்பி வந்தபோது கொல்லைப்புறத்தில் பாத்திரக் கடை விரிந்திருந்தது. குத்துவிளக்கு, செம்பு, பல வருடங்களாகப் பரணில் கிடந்த பித்தளை அண்டா, எல்லாம் வெயிலில் கண்ணைப் பறித்தன. வரிசைக் கடைசியில் ஒரு வெள்ளைத் தட்டு. மனைவி அதைக் கையில் எடுத்தாள்.

"மதினி, இது எந்தத் தட்டு?"

"நம்ம வீட்டுத் தட்டுதான். கண்ணால பாக்க முடியல, அப்படிக் கருப்பு. புளி போட்டேன், கொஞ்சந்தான் போச்சு. செங்கல்லத் தட்டிப் பொடியாக்கிப் போட்டு ஒரு தேய் தேச்சேன் பாரு! தோள்பட்டையே விட்டுப்போச்சு."

"இதுல வெள்ளிக் கொடி ஒண்ணு இருந்துதே மதினி?"

"இருக்கும். எல்லாம் ஒண்ணுபோல வெளுத்துட்டுல்லா, அதான் தெரியல."

நான் தட்டை வாங்கிப் பார்த்தேன். கொடி போய்விடவில்லை, அங்கேதான் இருந்தது. ஆனால் அடியில் இருந்த உலோகமும் கிட்டத்தட்ட வெள்ளி நிறம். வெள்ளையின் மேல் வெள்ளை. கருப்பு இருந்ததால்தான் கொடி கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

"அக்கா, அது அழுக்கு இல்ல. வேணும்னே கருப்பாக்குனது."

"அழுக்கு இல்லாம கருப்பு எப்படிலே வரும்? வேணும்னு எவனாவது கருப்பாக்குவானா? ஒனக்குப் பென்ஷன் வந்ததும் புத்தியும் ரிட்டயர் ஆயிட்டா?"

பக்கத்து வீட்டுத் தட்டு என்று சொன்னதும் அவள் முகம் ஒரு கணம் மாறியது. உடனே சமாளித்துக்கொண்டாள். "அப்ப அவளுக்கும் நல்லதுதான். கல்யாண வீட்டுக்குக் கருப்புத் தட்டு கொண்டு போவாளா ஒருத்தி?" என்றாள். மறுநாள் முதல் பேருந்தில் ஆலங்குளம் போய்விட்டாள். அருவியில் தடை நீங்கும்வரை இருப்பதாகத்தான் வந்திருந்தாள்.

மனைவி உடனே பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்றாள். நான்தான் தடுத்தேன். குறையோடு போய் நிற்பதைவிட, சரிசெய்து கையில் கொடுத்துவிட்டு நடந்ததைச் சொல்வது மரியாதை என்று என் எண்ணம். தட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

தென்காசியில் தெரிந்த நகைக்கடைக்காரர் தட்டைச் சுண்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, கருத்தத வெளுப்பாக்கத்தான் எங்களுக்குத் தெரியும். வெளுத்ததக் கருப்பாக்கித் தாங்கன்னு நீங்கதான் மொத ஆளு" என்றார். பழைய இழைப்பு வேலைக்கு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். இழைக்கிற வேலை என்றால் ஆசாரியைப் பாருங்கள் என்று, மேலகரத்திலேயே ஒரு மரப்பட்டறையைக் காட்டினார். நகைக்கடைக்காரரே அப்படிச் சொன்னால் தச்சரை என்ன குறை சொல்வது. அவர் மின்சார இழைப்புளியை நிறுத்திவிட்டு, தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மரமா இருந்தா இந்நேரம் இழைச்சுக் குடுத்திருப்பேன் சார்" என்று வருத்தத்தோடு திருப்பித் தந்தார்.

கடைசியாகக் குற்றாலத்தில் ஒரு மூலிகைக் கடை. ஏதாவது மூலிகையை இழைத்துப் பூசினால் கருப்பு ஏறும் என்று ஒரு நம்பிக்கை. கடைக்காரர் பாதி கேட்டதுமே ஒரு புட்டியை எடுத்து வைத்தார்.

"கருப்பாகணும், அவ்வளவுதானே? காலையில தேச்சு ஊற வச்சுக் குளிங்க. ஒரே மாசத்துல ஒரு நரை இருக்காது."

"தட்டுக்கு ஐயா."

அவர் என் தலையையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து கைபேசியில் தேடினேன். இது கர்நாடகத்தில் பீதர் பக்கத்து வேலை என்றும், அங்கே பழைய கோட்டை மண்ணை நவச்சாரத்தோடு சேர்த்துக் கொதிக்கவைத்துத் தடவினால் அடி உலோகம் மட்டும் கறுத்து வெள்ளி வெள்ளையாகவே நிற்கும் என்றும் போட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பீதருக்குப் போய்க் கோட்டை மண் எடுத்துவர எந்த நடைமுறையும் இல்லை.

வியாழக்கிழமை மாலை மனைவி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒங்க ஆபீஸ்ல ஒரு சாமான் கெட்டுப் போனா மொதல்ல என்ன செய்வீங்க?"

"உரியவருக்குத் தகவல் கொடுப்போம்."

"பெறவு?"

பிறகு என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நான் ஏற்கனவே நடைமுறையின் முதல் படியைத் தாண்டிக் குதித்துவிட்டேன் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. எழுந்து, தட்டில் முந்திரிக்கொத்தை அடுக்கிக்கொண்டு நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

பக்கத்து வீட்டு அம்மா முந்திரிக்கொத்தைப் பார்த்துச் சிரித்தார். அதை வேறு பாத்திரத்துக்கு மாற்றினார். மாற்ற மாற்றத் தட்டு தெரிந்தது. கடைசி உருண்டையை எடுத்துவிட்டுத் தட்டை விளக்குக்கு நேராகச் சாய்த்தார். இன்னொரு பக்கம் சாய்த்தார். மனைவி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"பரவாயில்லக்கா."

அந்தச் சொல் எனக்குப் பழக்கமானது. 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று நாங்கள் எழுதுவோமே, அதே பொருள்.

"எப்ப நடந்துது?" என்று கேட்டார். திங்கட்கிழமை என்று மனைவி சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். திங்கட்கிழமையே சொல்லியிருந்தால் ஐதராபாத்தில் இருக்கும் சின்னம்மா மகனிடம் வேறு தட்டு வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கலாம் என்று, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். உட்காரச் சொல்லவில்லை. மறுநாள் செங்கோட்டைக்கு என் மனைவியையும் வேனில் கூட்டிப் போவதாக முதலில் பேச்சு. காலையில் வேன் எங்கள் வாசலைத் தாண்டிப் போயிற்று. மனைவி பட்டுச்சேலையை மடித்து உள்ளே வைத்தாள்.

அன்று சாயங்காலம் இளைய பெண் சுற்றுச்சுவர் ஓரமாக வந்து என் மனைவியைக் கூப்பிட்டாள். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"பெரியம்மா, தட்டு வரல."

"ஏட்டி, என்ன ஆச்சு?"

"மாப்பிள்ள வீட்டு மாமி பாத்துட்டு, வெள்ளித் தட்டுலயா கொண்டு வந்திருக்கீங்கன்னு கண்ணு கலங்கிட்டாங்க. எல்லாருக்கும் எடுத்துக் காட்டிட்டு ஷோகேஸ்ல வச்சிட்டாங்க. பலகாரத்தத் தட்டோட சீராக் குடுத்ததா நெனச்சிட்டாங்க. அவங்க வீட்டுப் பெரிய தட்டுல திருப்பிப் பலகாரம் வச்சுக் குடுத்துட்டாங்க. உம்மா அந்த இடத்துல என்ன சொல்லுவாங்க? வரும்போது வேன்ல வாயே தெறக்கல."

கருப்பாக இருந்தவரை அது பழைய தட்டு. யாரும் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். அக்காவின் செங்கல் பொடி அதைச் சீர்வரிசை ஆக்கிவிட்டது. இனி 'அது வெள்ளி இல்லை, எங்களுக்குத் திருப்பித் தாருங்கள்' என்று கல்யாணத்துக்கு முன் எந்தப் பெண்ணின் தாய் போய்ச் சொல்வாள்? சொல்லாவிட்டால் இளைய பெண்ணுக்குத் தட்டு இல்லை. வாப்பா வாங்கிய தட்டும் கைவிட்டுப் போயிற்று.

இரண்டு நாள் கழித்து அவரே எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே செங்கோட்டைக்காரர்களின் தட்டு, கண்ணாடி அடியும் பொன்முலாம் கைப்பிடியுமாக.

"அண்ணாச்சி, எங்க ஆளுங்க போய்க் கேட்டா மனஸ்தாபம் ஆயிரும். நீங்க வெளி மனுசர், பெரியவங்க, பேசத் தெரிஞ்சவங்க. இவங்க தட்டக் குடுத்துட்டு நம்ம தட்ட வாங்கிட்டு வந்திருங்க."

"நம்ம தட்டு" என்றாரே, அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மறுநாள் காலை செங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் திட்டம் போட்டேன். முதலில் தட்டின் தன்மையை விளக்குவது. இரண்டாவது, அது வெளுத்த சூழ்நிலை. மூன்றாவது, கோரிக்கை. மனு எழுதினாலும் இந்த வரிசைதான்.

மாப்பிள்ளையின் தாயார் நல்ல மனுஷி. அங்கேதான் இடையூறு. வாசலிலேயே "வாங்கண்ணாச்சி, சம்பந்தி வீட்டு ஆளா, உக்காருங்க" என்றார். டீ வந்தது, பழம்பொரி வந்தது. ஷோகேஸில் தட்டு இருந்தது. அதற்கென்று ஒரு சிறிய விளக்கு வேறு போட்டிருந்தார்கள்.

நான் முதல் பகுதியைத் தொடங்கினேன். இது வெறும் வெள்ளி இல்லை, உங்கள் சம்பந்தியின் வாப்பா ஐதராபாத்தில் வாங்கியது, வெள்ளி இழைத்த வேலை என்றேன். அப்படி என்றால் என்ன என்று கேட்டார். கேட்டால் சொல்லத்தானே வேண்டும். நூல் இழையிலிருந்து ஆரம்பித்துச் சந்தனம் வரை வந்தேன். அவர் பக்கத்து வீட்டிலிருந்து நாத்தனாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். தட்டை எடுத்துவரச் சொல்லி, ஜன்னல் ஓரமாகச் சாய்த்துக் காட்டினேன். தண்ணீரில் விரலால் கோடு போட்டது மாதிரி கொடி ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

"யா அல்லா, கொடி ஓடுதே!"

"முன்னே இது கரிக்கருப்பாக இருந்தது. அந்தக் கருப்பில்தான் இதன் அழகு. எங்கள் வீட்டில் தெரியாமல் தேய்த்துவிட்டார்கள்."

இரண்டாவது பகுதியும் முடிந்தது. மூன்றாவதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா மைனி, வெறும் வெள்ளியா இருந்தாக்கூடப் பரவாயில்ல. அவங்க வாப்பா வாங்குன, எங்கயும் கெடைக்காத தட்ட எங்களுக்குக் குடுத்து விட்டிருக்காங்களே. எவ்வளவு பெரிய மனசு!"

அதற்கு மேல் அந்த இடத்தில் கோரிக்கை வைக்க ஒரு தனி ஜாதி மனிதன் பிறக்க வேண்டும். துணிப்பையிலிருந்து அவர்கள் தட்டை எடுத்து நீட்டினேன். அதையாவது வாங்கிக்கொண்டால் பேச்சு திரும்பும் என்று நினைத்தேன்.

"இது எதுக்கு? அவங்க தட்டு எங்ககிட்ட, எங்க தட்டு அவங்ககிட்ட. வெறுந்தட்டா கொண்டு போகக் கூடாது, கேட்டோ" என்று உள்ளே கொண்டுபோய் அல்வாவை நிரப்பித் தந்தார். அந்தக் கனத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். நெய் துணிப்பையைத் தாண்டி வேட்டியில் இறங்கியது.

பக்கத்து வீட்டு அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். என் மனைவியும் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

"கேட்டீங்களா அண்ணாச்சி?"

"எல்லாம் விளக்கமாச் சொன்னேன்."

"கேட்டீங்களா?"

"அந்தச் சூழ்நிலையில..."

"அல்வாவோட வந்திருக்கீங்க." பையைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார். "போகும்போது வெறுந்தட்டாவது இருந்துது."

"அவுகளுக்கு அகராதிய ஒப்பிக்கத்தான் தெரியும். 'தா'ன்னு ஒரு எழுத்து வாயில வராது" என்றாள் என் மனைவி. இத்தனை நாளுக்குப் பிறகு அந்த இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அந்த விஷயம் நான்.

பக்கத்து வீட்டு அம்மா பையை வாங்கிச் சுவர் மேல் வைத்தார். பிறகு கோபம் வந்துவிட்டது. என் மேலா, தட்டின் மேலா, தன் மேலேயா தெரியவில்லை. அங்கே நின்றபடியே கைபேசியை எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டார்.

"சம்மந்தி, மனசுல வச்சுக்கிட்டு இருக்க முடியல, கேட்டுருதேன். அந்தத் தட்டு எங்க வாப்பா வாங்குனது. சின்னவளுக்கும் அதுலதான் இனிப்பு போகணும்னு ஆச. நீங்க தப்பா எடுத்துக்கிடக் கூடாது."

என் மனைவி சுவரோரம் நெருங்கி வந்தாள்.

"அதுக்கென்ன சம்மந்தி! நாளைக்கே குடுத்து விடுதேன். பேத்திக்கும் அதுலதானே போகணும், எங்கிட்ட இருந்தா என்ன, ஒங்ககிட்ட இருந்தா என்ன? ஆமா, இன்னைக்கு ஒரு பெரியவர் வந்து மத்தியானம் வரைக்கும் பேசிட்டுப் போனாரே, அவர் இத ஒரு வார்த்த சொல்லலையே?"

மறுநாள் மதியம் செங்கோட்டையிலிருந்து கார் வந்தது. ஓட்டுநர் செய்தித்தாளில் சுற்றிய தட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். தாளைப் பிரிக்கும் முன்பே வாசனை வந்தது. பிரித்தால் தட்டு கருப்பாக இருந்தது. முன்பு இருந்த கருப்பு இல்லை. விளிம்பு, அடி, நடு, பூ, கொடி எல்லாம் ஒரே சீராகப் பளபளக்கும் கருப்பு. தாள் ஒட்டியிருந்த ஓரத்தில் ஒரு விளம்பரத்தின் பாதி எழுத்து கண்ணாடி பார்த்தது போல் பதிந்திருந்தது.

கைபேசி அடித்தது. "சம்மந்தி, தட்டு வந்துட்டா? அண்ணாச்சி சொன்னாரு, கருப்பா இருந்தாத்தான் அதுக்கு அழகுன்னு. திருப்பிக் குடுக்கத முன்னால இருந்த மாதிரியே குடுக்கணும்லா? கல்யாணத்துக்குன்னு வாசல் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்திருந்தாரு. அவர்கிட்டச் சொல்லி ரெண்டு கோட்டு அடிக்கச் சொல்லிட்டேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மூத்த பெண், இளைய பெண், என் மனைவி, கடைசியாகப் பக்கத்து வீட்டு அம்மா.

"கருப்பாக இருந்தது என்றுதான் சொன்னேன்" என்றேன். "ஆக்கச் சொல்லவில்லை."

பக்கத்து வீட்டு அம்மா வாயை முந்தானையால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கியது. அப்புறம் பார்த்தால் சிரிப்பு. "கேட்டுப் பெயின்ட்டு... அக்கா, கேட்டுப் பெயின்ட்டு!" என்று என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். என் மனைவிக்கும் தொற்றிக்கொண்டது. இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நல்ல பெண்கள், நல்ல எண்ணத்தோடு, ஒரு நல்ல பொருளைப் பத்து நாளுக்குள் இரண்டு முறை கெடுத்திருக்கிறார்கள். நடுவில் நான் வேறு.

இளையவள் உள்ளே ஓடி நகப்பூச்சு அழிக்கும் திரவத்தையும் பஞ்சையும் எடுத்து வந்தாள். என் மனைவி ஓரத்தில் ஒரு இடத்தில் மெல்லத் தடவினாள். இன்னும் கொஞ்சம். பஞ்சு கருப்பானது. தட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. புள்ளி நீண்டு இலையானது. அடி உலோகத்தைச் செங்கல் பொடி அரித்துச் சொரசொரப்பாக்கிவிட்டது. வெள்ளி மட்டும் மயிரிழை உயரம் மேலே நின்றுவிட்டது. அதனால் பஞ்சு மேலோட்டமாகப் போனால் வெள்ளியில் இருந்த பெயின்ட் கழன்றது, பள்ளத்தில் இருந்தது ஒட்டிக்கொண்டு நின்றது. நான் இந்தக் காரணத்தைச் சொல்லத் தொடங்கினேன்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

என் மனைவி அடுத்த தளிருக்குப் போனாள். கை கொஞ்சம் அழுந்திவிட்டது. இலைக்குப் பக்கத்தில் ஒரு இடம் கருப்பும் போய் வெளுத்தது.

"மெதுவாக்கா, மெதுவா. கொண்டாங்க இங்கன."

"நீங்க எடுத்தா மட்டும் என்ன, இந்தா, தண்டு பாதி காணோம்."

"அது முன்னாலயே இல்ல."

"இருந்துது. நான் பாத்திருக்கேன்."

ஒரு நாளில் முடிகிற காரியமில்லை என்று அன்றே தெரிந்துவிட்டது. அவர்கள் வீட்டில் கல்யாணத்துக்கு உறவுகள் வந்து இறங்க ஆரம்பித்துவிட்டார்கள், குழந்தைகள் எதையும் கையில் எடுக்கிறார்கள். அதனால் தட்டு எங்கள் வீட்டில் இருப்பதென்று முடிவாயிற்று. தினமும் மத்தியானம் பக்கத்து வீட்டு அம்மா பஞ்சும் காது குடையும் குச்சியுமாக வருகிறார். இருவரும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டே தேய்க்கிறார்கள். கொடி பாதி ஓரத்துக்கு வந்திருக்கிறது. நடுவில் உள்ள பூவை இன்னும் யாரும் தொடவில்லை, இரண்டு பேருக்கும் பயம்.

சாரல் இன்னும் முடியவில்லை. எந்த நேரமும் யாரும் வந்து இறங்கலாம். அதனால் வேலை முடிந்ததும் தட்டு எங்கள் பீரோவுக்குள் போகிறது. பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டு அம்மா எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். பெட்டகம் ஓரிடத்தில், சாவி வேறு ஆளிடம். கருவூலத்தில் இதே நடைமுறைதான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பீரோவின் உள்ளே என் வேட்டிகளும் இருக்கின்றன. காலையில் ஒன்று வேண்டுமானால் அவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.